கொத்தனார் பரீட்சைக்குப் போன சித்தாள்

1978 ஆகஸ்ட் 6, ஞாயிறு, சேரம்பாடி

மழை. வேலை கிடையாது. கொத்துவேலைச் செட்டு முழுக்க எங்கள் வீட்டு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. தேத்தண்ணி ஊற்றி ஊற்றியே சீனி தீர்ந்துபோச்சு. இந்த ஊர்க்காரர்கள் டீ என்கிறார்கள், சர்க்கரை என்கிறார்கள். சிலோனிலிருந்து கப்பலேறி வந்து ஏழு வருஷம் ஆகியும் என் வாய்க்கு அது வரமாட்டேன் என்கிறது.

எஸ்டேட் ஆபீசிலிருந்து பாஸ் ஒரு சேதி கொண்டுவந்தார். பாஸ் என்றால் என் வீட்டுக்காரர். சிலோனில் கொத்தனாரை மேசன் பாஸ் என்பார்கள். புருஷன் பேரை வாயால் சொல்லாமல் வளர்ந்த எனக்கு அது ரொம்ப வசதியாகப் போய்விட்டது. சேதி என்னவென்றால், அங்கிருந்து இனி வரப்போகிற குடும்பங்களுக்குப் புதுசாக வீடுகள் கட்டப் போகிறார்களாம், இங்கேயே, எஸ்டேட்டின் மேல் டிவிசனில். நாங்கள் இத்தனை நாளும் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு ஓட்டை அடைத்தும் ஓடு மாற்றியும் காலம் தள்ளியவர்கள். முழு வீடு, அதுவும் நம்ம சனத்துக்கு! செட்டில் இருக்கிற தனசிங் எழுந்து ஆடியே விட்டான்.

அப்புறம்தான் மீதியைச் சொன்னார். இனிமேல் வீட்டு வேலையை ஒப்பந்தமாக எடுக்கிறவர் யாராக இருந்தாலும் குன்னூரில் ஆறு வாரம் கொத்துவேலைப் பயிற்சிக்குப் போய், பரீட்சையில் தேறி, சர்ட்டிபிகேட் வாங்கியிருக்க வேண்டும். நம்மிடம் இல்லையென்றால் கோயம்புத்தூரிலிருந்து ஒரு காண்டிராக்டர் தன் ஆட்களோடு வந்துவிடுவார். தனசிங் உட்கார்ந்துவிட்டான்.

ஆகஸ்ட் 8

பாஸ் போகமாட்டாராம். "நாப்பத்தி மூணு வயசுல என்னையப் பெஞ்சுல ஒக்காரச் சொல்றியா? நான் கட்டின செவுரு ஒண்ணாச்சும் விழுந்திருக்கா?"

விழவில்லை. விஷயம் அது இல்லையே. ஆறு வயதில் தோட்டத்து வேலைக்குப் போனவர், பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் இல்லை. சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்த மையை யாரும் பார்ப்பதற்குள் வேட்டியில் துடைத்துக்கொள்வார். வேட்டி துவைக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா? இதைச் சொன்னால் இரண்டு நாள் சாப்பிடமாட்டார். அதனால் சொல்லவில்லை.

செட்டில் பெரியவர் பழனியாண்டி அண்ணன் திருப்பூரில் மகன் வீட்டுக்கே போய்விடுகிறேன் என்கிறார். தனசிங் கேரளாவுக்கு என்கிறான். கப்பலிலிருந்து இறங்கி மண்டபம் முகாமில் ஒரே சட்டியில் பொங்கித் தின்ற செட்டு இது. எங்க அம்மா செத்தப்போ தோள் குடுத்தது யாரு, இவங்கதானே? இவங்களும் திக்குத் திக்காப் போய்ட்டா நான் யாரு முகத்துல முழிக்கிறது?

ஆகஸ்ட் 9

வழி சொன்னது அன்னக்கிளி. பக்கத்து வீடு, கொழுந்து பறிக்கிறவள், வாய்க்குப் பூட்டே கிடையாது. "ஏன், நீ போயேன்டி. அந்தக் கூட்டத்துல அஞ்சாப்பு படிச்சவ நீ ஒருத்திதானே" என்றாள்.

சிரித்தேன். நான் சித்தாள். செங்கல் சுமப்பேன், சாந்து குழைப்பேன், கட்டின சுவருக்குத் தண்ணி ஊற்றுவேன். கொத்துக்கரண்டியைக் கழுவிக் கொடுப்பேன். ஆனால் அதைப் பிடித்துக் கட்டுவது ஆம்பிளை வேலை. பொம்பளை கட்டின சுவர் வெடிக்கும் என்று ஒரு பேச்சு. அங்கேயும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். நம்ம ஆட்கள் பாயையும் அம்மியையும் விட்டுவிட்டு வந்தார்கள், இந்தப் பேச்சை மட்டும் பத்திரமாகக் கட்டி எடுத்து வந்திருக்கிறார்கள்.

சாப்பிடும்போது பாஸிடம் விளையாட்டுப் போலச் சொல்லிப் பார்த்தேன். சோறு பிசைகிற கை நின்றது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "நாளைக்கு வெள்ளன எந்திரி" என்றார்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

லயத்துக்குப் பின்னால் உடைந்த செங்கல்லை அடுக்கிப் பழகுகிறேன். சட்டி சுமந்த கைக்குக் கரண்டி ஒரு கனமா? ஆனால் சுவர்தான் மலைப்பாதை மாதிரி வளைந்து போகிறது. "கல்லப் பாக்காத, நூலப் பாரு" என்று பாஸ் கத்தினார். நூலைப் பார்த்தால் கை கல்லை விட்டுவிடுகிறது, கல்லைப் பார்த்தால் கண் நூலை விட்டுவிடுகிறது. நான் என்ன செய்வேன்?

பொம்பளை கரண்டி பிடிக்கிறதைப் பார்க்கமாட்டேன் என்று பழனியாண்டி அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அப்பப்போ ஓரக்கண்ணால் பார்த்தார். என் மூன்றாவது வரிசையின் கோணலை அவரால் தாங்க முடியவில்லை. எழுந்து வந்து அவரே நூலை இழுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, மறுபடி போய்த் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

ஆகஸ்ட் 16

பயிற்சிக்கு வீரம்மா என்று என் பேர் கொடுத்தாச்சு. பொம்பளை வரக்கூடாது என்று எங்கேயாவது இருக்கிறதா என்று ஆபீஸ் கிளார்க் தேடித் தேடிப் பார்த்தார். இல்லை. யாரும் அப்படி ஒருத்தி வருவாள் என்று யோசிக்கவே இல்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 21, திங்கள், குன்னூர்

மூன்று பஸ் மாறி வந்து சேர்ந்தேன். இடுப்பு போச்சு. பிள்ளைகள் இரண்டும் அன்னக்கிளி பொறுப்பில். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், துணி தைக்கிற தபித்தாள் அக்கா என்பவர் வீட்டில் வாடகைக்கு ஓர் அறை. தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே, "கொத்து வேலைக்குப் படிப்பா? அதுவும் நீயா?" என்று கேட்டார். அப்புறம் எழுந்து வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தார். உள்ளங்கை காய்ப்பைத் தடவிவிட்டு, நல்ல அறையைத்தான் கொடுத்தார்.

வகுப்பு ஒரு பழைய தேயிலைக் கிடங்கில். சுவரெல்லாம் இன்னும் தூள் வாசம். பெஞ்சு முழுக்க ஆம்பிளைகள். கடைசியில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் நாச்சிமுத்து என்று ஒரு தம்பி, அன்னூர் பக்கம், நல்ல மரியாதை. "ஏனுங்க அக்கா, சோறு ஆருக்குங்க கொண்டாந்தீங்க?" என்றது. எனக்குத்தான் தம்பி, நான் படிக்க வந்திருக்கேன் என்றதும் பெஞ்சின் அந்தக் கடைசி வரைக்கும் நகர்ந்து இடம் விட்டது.

லிங்கசாமி சார்தான் வாத்தியார், ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொருத்தரிடமும் எத்தனை வருஷ அனுபவம் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"பன்னெண்டு வருசம் சார்."

"கொத்தனாராவுங்களா?"

"கொத்தனார் பக்கத்துல சார்."

கிடங்கே சிரித்தது. சாரும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24

இன்றைக்கு நான் கண்டுபிடித்தது! சரி, நான் கண்டுபிடிக்கவில்லை, சார் சொல்லிக் கொடுத்தது. ஒரு வரிசையில் இரண்டு கல் சேருகிற இடத்துக்கு நேர் மேலே அடுத்த வரிசையின் சேர்மானம் வரக்கூடாது. வந்தால் அங்கேதான் சுவர் வெடிக்கும். அது தள்ளி வருவதற்காகத்தான் மூலையில் அரைக்கல் வைப்பது. பன்னிரண்டு வருஷமாக பாஸ் "அரைக்கல்" என்பார், நான் எடுத்துக் கொடுப்பேன். எதுக்கு என்று ஒருநாளாவது கேட்டிருப்பேனா? சுவர் வெடிப்பது இதனால். பொம்பளை கையால் இல்லை. பழனியாண்டி அண்ணனுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

வகுப்பு விட்டு வருகிற வழியில் குன்னூர்ச் சுவரையெல்லாம் நின்று நின்று பார்த்தேன். ஒரு பங்களா அம்மா, "யாரைத் தேடுறீங்க?" என்று வெளியே வந்துவிட்டார். உங்க வீட்டு மூலையைப் பார்க்கிறேன் என்றால் போலீஸைக் கூப்பிடுவார். விலாசம் தவறிவிட்டது என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன்.

ஆகஸ்ட் 30

சிமெண்டுக் கணக்கு. தலைவலி. ஆனால் விடை சரி.

செப்டம்பர் 3, ஞாயிறு, சேரம்பாடி

வாரம் ஒரு நாள் வீடு. செட்டு என்னைச் சுற்றி உட்கார்ந்து, என்ன படித்தாய் என்று கேட்டது. அடுப்புக்கரியால் தரையில் படம் போட்டுச் சொன்னேன். பாஸ் மட்டும் வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார், காதே இல்லாதவர் போல.

எல்லோரும் போன பிறகு காம்பைப் பார்த்தபடியே கேட்டார்: "அந்த... தரையில இருந்து செவுத்துக்கு ஈரம் ஏறாம நடுவுல ஒண்ணு பூசணும்னியே. அது எத்தனை கனத்துக்கு?"

சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார், திருடன்.

செப்டம்பர் 27

எழுத்துப் பரீட்சை முடிந்தது. நன்றாகவே எழுதினேன். நாச்சிமுத்து வெளியே வந்து, "அக்கா, அஞ்சாவது கேள்விக்கு எத்தனீங்க?" என்று கேட்டது. சொன்னேன். மூஞ்சி தொங்கிப்போச்சு. பாவம், தேறிவிடும். நாளை மறுநாள் கட்டுமானப் பரீட்சை.

செப்டம்பர் 29, வெள்ளி

ஐயோ வீரம்மா. உனக்குப் புத்தி எங்கடி போச்சு?

எழுதியே ஆகணும், இல்லாட்டி நெஞ்சு வெடிச்சிடும்.

ஆளுக்கு ஒரு மூலைச் சுவர். இடுப்பு உயரம் வரைக்கும் கட்ட வேண்டும். சாந்தும் கல்லும் ஒரு பக்கம் குவித்திருந்தார்கள், அவரவரே எடுத்துக்கொள்ள வேண்டும். வரிசையாக நின்றோம். எனக்கு அடுத்த இடம் நாச்சிமுத்துக்கு. சார் மணி அடித்தார். என் முதல் வரிசை, ரெண்டாவது வரிசை, மூணாவது... ரசமட்டத்தில் குமிழ் நடுவில் வந்து நின்றது. பாஸ் பார்த்திருந்தால் வாயைத் திறந்து நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பார். அப்படி இருந்தது.

அப்போது நாச்சிமுத்து, தலையைத் திருப்பாமல், கையை மட்டும் பின்னால் நீட்டி, "சாந்து!" என்றது.

நான் ஓடினேன். சத்தியமாக எனக்கே தெரியாது. கரண்டியைக் கீழே வைத்தேன், சட்டியை நிரப்பினேன், இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டினேன். கொட்டிவிட்டு, அதற்கு அடுத்தவரின் சாந்துப் பலகையும் காலியாக இருக்கிறதே என்று அங்கேயும் கொட்டினேன். அப்புறம் அதற்கடுத்தவர். பலகை காலியாக இருந்தால் எனக்குப் பொறுக்காது, அது என்கூடவே வளர்ந்த புத்தி. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சித்தாள் சாந்து கொட்டுகிறாள், அவ்வளவுதான் அவர்களுக்கு. வரிசையின் கடைசி வரைக்கும் போய், செங்கல்லும் ஒரு நடை எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியபோது, அரைச்சுவர் ஒன்று ஆளில்லாமல் நின்றது. யாருடா இது, வேலையைப் போட்டுவிட்டுப் போனவன் என்று நினைத்தேன். அது என்னுடையது.

மறுபடி ஓடி வந்து கட்டினேன். மணி அடித்துவிட்டது.

லிங்கசாமி சார் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார், மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். "கோணல் ஒண்ணுமில்லீங்கம்மா. ஆனா பாதிதானுங்களே இருக்குது. பாதிச் செவுத்துக்கு நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது?" என்றார்.

நியாயம்தானே.

செப்டம்பர் 30

பஸ் ஏறும்போது நாச்சிமுத்து ஒரு பை வர்க்கி ரொட்டியோடு ஓடி வந்தது. அது தேறிவிட்டது. "பழக்க தோசமுங்க அக்கா. எம் பின்னால எப்பவும் ஒரு ஆளு நிப்பாங்களா, அதே நெனப்புல கத்திப்போட்டனுங்க" என்று அழாத குறை. எனக்கும் அதே தோஷம்தான் தம்பி என்றேன். வர்க்கியை வாங்கிக்கொண்டேன். விடுவேனா?

வழியெல்லாம் பாஸிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சொன்னேன். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று பதறிப்போய் துண்டை இழுத்தால் சிரிப்பு. கண்ணில் தண்ணி வரச் சிரிப்பு. "அத்தனை பேருக்குமா கொட்டுன? கடைசி ஆளு வரைக்குமா?" அதைக் கேட்டு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்னக்கிளி வர்க்கியைத் தின்றுகொண்டே, வரிசையில் இருந்த அத்தனை பேரையும் நான்தான் தேற வைத்தேன் என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த மாதக் கடைசியில் மறுதேர்வு. ஒப்பந்தம் கேட்க ஆபீஸில் கொடுத்த கெடு அதற்கு அடுத்த வாரம். இந்தத் தடவை விட்டால் வீடும் இல்லை, செட்டும் இல்லை.

அக்டோபர் 10, ஆயுத பூஜை

எப்போதும் பலகை மேல் கரண்டிகள், ரசமட்டம், தூக்குக்குண்டு. கீழே தரையில் எங்கள் சட்டிகள். நான் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தேன். பழனியாண்டி அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, "ஒன்னோட கரண்டி எங்க?" என்றார், கோபமாக.

எனக்கு ஏது சொந்தக் கரண்டி? விழித்தேன். பாஸ் எழுந்து போய்த் தன் பழைய கரண்டி ஒன்றை எடுத்து, வாசல் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கழுவினார்! கரண்டி கழுவுகிற வேலை எப்படி இருக்கும் என்றே தெரியாத மனுஷன். கொண்டுவந்து தன்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். பொரி தின்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அக்டோபர் 24

மறுதேர்வில் ஆளுக்கு ஒரு சித்தாள் கூட்டிவரலாம் என்று லிங்கசாமி சார் சொல்லியனுப்பியிருக்கிறார். அப்போதுதான் நான் ஓடமாட்டேனாம். அன்னக்கிளி வருவதாக இருந்தது. கொழுந்து அதிகம், லீவு கிடையாது என்றுவிட்டார்கள். தனசிங் நான் வரேன் என்றான். பாஸ் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் நான் வரல என்றான்.

பாஸ் வருகிறாராம். எனக்குச் சித்தாளாக.

அக்டோபர் 26, வியாழன், குன்னூர்

இந்த உலகத்தில் எங்க பாஸ் மாதிரி மோசமான சித்தாள் கிடையாது.

முதல் சட்டி, கஞ்சி மாதிரி தண்ணி. ரெண்டாவது சட்டி, காய்ந்த புட்டு. சட்டியை இடுப்பில் வைக்கத் தெரியாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்து, பாதியைத் தன் காலிலேயே கொட்டிக்கொண்டார். சாந்து குழைப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை என்று எத்தனை வருஷம் சொல்லியிருப்பார்!

அதோடு வாய் வேறு. "நூலப் பாரு. அந்தக் கல்லத் தட்டு. தட்டுன்றேன்ல." சார் வந்து, "ஏனுங்க, சித்தாளு பேசப்படாதுங்க" என்றார். பாஸ் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். ஆனால் புருவம் பேசியது. என் கல் ஒன்று நூலை விட்டு இம்மி தள்ளியபோது அந்தப் புருவம் நெற்றிக்கே ஏறிவிட்டது. நான் அதைப் பார்க்கவில்லை. நூலைப் பார்த்தேன். நானே தட்டிச் சரிசெய்தேன்.

அப்புறம் ஒரு கட்டத்தில் அவரை மறந்தே போனேன். கல், சாந்து, நூல், கல். சந்தோஷமாக இருந்தது. எத்தனை நாள் இந்தச் சந்தோஷத்துக்குச் சாந்து சுமந்து கொடுத்தேன், இது இப்படி இருக்கும் என்று ஒருத்தரும் சொல்லவே இல்லையே! மணி அடித்தபோது நான் கடைசி வரிசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சார் தூக்குக்குண்டு விட்டார். சுற்றி வந்தார். பாஸைப் பார்த்து, "உங்க கொத்தனாருக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க" என்றார்.

பஸ்ஸில் பாஸ் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "போடுன்னே" என்றார்.

"என்னா?"

"இன்னும் மணல் போடுன்னு சொன்னே. போடுங்கன்னு சொல்லல."

"அப்படியா சொன்னேன்? அய்யய்யோ."

"நெறைய தடவை." ஜன்னலை விட்டுத் திரும்பாமலே, "பரவால்ல, வேலையில அப்படித்தான் வரும்" என்றார்.

நவம்பர் 3

தேறிட்டேன். தேறிட்டேன். தேறிட்டேன்.

நவம்பர் 20

வேலை எங்களுக்கு, ஒப்பந்தம் என் பேரில். பழனியாண்டி அண்ணன் திருப்பூருக்குப் போகவில்லை. மகனை இங்கே வரச்சொல்லி ஆள் விட்டிருக்கிறார்.

1979 மே 27

முதல் நாலு வீட்டுக்கும் ஆட்கள் வந்துவிட்டார்கள், சிலோனில் பொகவந்தலாவைப் பக்கத்துச் சனம். டிரங்குப் பெட்டியைத் தலையிலிருந்து இறக்காமலே ஒரு அம்மா, "இது நம்ம ஊட்டு லயம் மாதிரி இல்லியே, பின்னால ஜன்னல் இருக்கே" என்றார். ஆமாம்மா, நான்தான் வைத்தேன் என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லியும்விட்டேன்.

1979 டிசம்பர் 8, குன்னூர்

வருஷத்துக்கு ஒரு வாரம் மறுபடி வந்து படித்தால்தான் சர்ட்டிபிகேட் செல்லும். எனக்கு அது தண்டனை இல்லை, திருவிழா. இந்த முறை காங்கிரீட் கூரை. கம்பி கட்டுகிற விதம், எத்தனை நாள் தண்ணி நிற்க வேண்டும், கூரையைத் தாங்குகிற முட்டை எப்போது பிரிக்க வேண்டும். தபித்தாள் அக்கா வீட்டில் அதே அறை. பெஞ்சில் இன்னொரு பெண்ணும் இருந்தாள், தேவாலாவிலிருந்து வந்த சித்தாள். நான் நகர்ந்து இடம் விட்டேன்.

1980 ஜனவரி 20, ஞாயிறு, சேரம்பாடி

நல்ல வெயில். ஆறாவது வீட்டுக்கு வாசல், ஜன்னல் தலைக்கு மேலே லிண்டல் போட்டு முடித்தோம். எல்லோரும் கைகால் கழுவப் போன பிறகு நான் நூலைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பாஸ் வந்து நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், மறுபடி போட்டார்.

"லீவு வேணும்" என்றார்.

"எத்தனை நாளு?"

"ஆறு வாரம்."

"ஆறு வாரமா? என்னா விசயம், ஒடம்புக்கு முடியலியா?"

"குன்னூருக்கு. மாசி மாசம் புது வகுப்பு தொடங்குறாங்களாம்." தரையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "போன வாரம் சாமான் வாங்கப் போனப்ப லிங்கசாமி சாரைப் பாத்தேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது சார்னு சொல்லிட்டேன். நானேதான் சொன்னேன். அதுக்கென்னங்க, கேள்விய நான் வாயால கேக்குறேன், நீங்க வாயால சொல்லுங்கன்னுட்டாரு."

எனக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போல இருந்தது. அந்த மண்மேட்டில், தனசிங் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எப்படி? சந்தோஷத்தில் நூலைத் தாறுமாறாகச் சுருட்டிச் சிக்கலாக்கிவிட்டேன். காண்டிராக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "கூரைக்குக் கம்பி கட்டி முடிச்சிட்டுப் போங்க" என்றேன்.

மாசி பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அதற்குள் பாஸ் இடத்துக்கு ஒரு நல்ல கொத்தனார் தேட வேண்டும்.